சுவருக்கு அளவெடுக்கப்பட்ட சைக்கிள்

தினேஷ் என் சைக்கிளை அளந்துகொண்டிருந்தான். சவப்பெட்டிக்கு அளவெடுக்க வருபவர் முகத்தில் துக்கத்தையும் கையில் நாடாவையும் ஒன்றாகப் பிடித்திருப்பார் அல்லவா, அதே மரியாதையோடு.

இடம் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனி. நேரம் புவனா சோறு வடிக்கும் நேரம். கீழே ரயில் போக, கண்ணாடிக் கதவு வழக்கம்போல் நடுங்கியது.

தினேஷ் என் மனைவி புவனாவின் அக்கா மகன். நுகேகொடையில் கோப்பிக் கடை திறக்கப் போகிறான். கோப்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மிகுந்த கவனத்தோடு செய்யும் கடைகள் இப்போது வந்திருக்கின்றனவே, அந்த வகை. பூசாத செங்கல் சுவர், மஞ்சள் வெளிச்சம், சுவரெல்லாம் பழைய சாமான். தட்டச்சுப் பொறி கிடைத்துவிட்டதாம். சைக்கிள்தான் பாக்கி.

"சித்தப்பா, முன் சில்லைக் கழட்டிப்போட்டு மாட்டினா வடிவா இருக்கும். ஹாண்டில் மட்டும் கொஞ்சம் வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்கும்."

"ஆரின்ரையும் தலையிலை இடிக்காதோ?"

"இடிச்சா ஃபோட்டோ எடுப்பினம், சித்தப்பா. நல்ல விளம்பரம்."

எங்கள் வீடுகளில் சுவரில் தொங்குவதற்கு ஒரே தகுதி இறந்துபோயிருப்பதுதான். சட்டம், மாலை, சின்னச் சிவப்புக் குமிழ். எனக்கு முன்னால் என் சைக்கிளுக்கு அந்தப் பதவி உயர்வு வருவதை நான் விரும்பவில்லை.

"குடுத்து விடுங்கோ," குசினியிலிருந்து புவனாவின் குரல் வந்தது. "பல்கனிக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்."

"தர ஏலாது. ஆவணி விடுமுறைக்கு நான் இதிலை மன்னாருக்குப் போறன். கூடாரமும் கொண்டு போறன்."

கஞ்சி வடிகிற சத்தம் நின்றது.

வெள்ளவத்தையின் கோடை

எங்கள் தீவில் கோடை என்று தனியே ஒன்று கிடையாது, வருடம் முழுவதும் வேர்ப்பதுதான் என்பவர்கள் வெள்ளவத்தையில் வசித்ததில்லை. எங்களுக்குக் கோடை உண்டு. அது ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சில்லுப் பூட்டிய பெட்டிகளோடு வந்து இறங்கும். பாதி நாள் புடவைக் கடையிலும் மீதி நாள் கலியாண மண்டபத்திலும் நின்றுவிட்டு, "என்ன வெயில்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போகும்.

அந்தக் கோடையில் மண்டபங்களிலிருந்து தப்புவதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மன்னார் அப்படித்தான் முதலில் மனதில் வந்தது. பிறகு மெல்ல மெல்ல அது வேறொன்றாகியது. அதைக் கீழே சொல்கிறேன்.

புவனா வெளியே வந்தாள். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கோபத்தைக்கூட வரிசைக் கிரமமாகத்தான் சொல்லுவாள். "வயசு. முழங்கால். லொறி. நாய். பாம்பு. இதிலை எதை முதலிலை எடுக்கிறது?"

நான் விதியை எடுத்தேன். வேலை பார்த்த திணைக்களத்தில் பழைய பொருட்களைக் கழிப்பதற்கு ஆண்டுதோறும் ஒரு குழு போடுவார்கள். பலமுறை அதற்கு நான்தான் தலைவர். மூன்று கால் கதிரை, மூடி இல்லாத மைக்கூடு, சுவரோடு ஒட்டிப்போன அலுமாரி எல்லாவற்றையும் கழித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு ஜீப்பைக் கழித்தோம். கையெழுத்து வைத்து முடிந்ததும் அதே ஜீப்பில்தான் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு கொள்கை: ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் கழிக்கக் கூடாது.

இதை நான் புவனாவுக்கு விளக்கினேன். கணிதக்காரர்களிடம் ஒரு நல்ல குணம், நிரூபிக்க ஒரு சந்தர்ப்பம் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

"சரி," என்றாள். "நீர்கொழும்பு. சைக்கிள் ஓடிப் போகோணும், ஓடித்தான் வரோணும். ஓட்டோ, வான், ரயில் ஒண்டும் ஏலாது. ஓர் இரவு கூடாரத்துக்குள்ளை படுக்கோணும். ஆரின்ரையும் வீட்டுக்குள்ளை படுத்தா அவ்வளவுதான். சைக்கிள் நுகேகொடைக்கு."

"நான் வெண்டா?"

"மன்னாருக்குப் போங்கோ. நான் வாயே திறக்க மாட்டன்."

இந்தக் கடைசி வாக்குறுதியை நானும் நம்பவில்லை, தினேஷும் நம்பவில்லை. ஆனால் அவன் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வளைந்த ஹாண்டிலுக்குள் காற்று

இந்தச் சைக்கிளை நான் இங்கிலாந்தில் வாங்கினேன். திணைக்களம் ஒரு வருடப் படிப்புக்கு அனுப்பியிருந்தது. பொது நிருவாகம் படித்தேன். அதில் நினைவிருப்பது குறைவு. கரும்பச்சை நிறத்தில், ஆட்டுக்கடா கொம்புபோல் வளைந்த ஹாண்டிலோடு, ஒரு பழைய சாமான் கடையின் மழைத் தாழ்வாரத்தில் இது சாய்ந்து நின்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. கப்பலில் வந்தது. சுங்கத்தில் அது சைக்கிளா, விளையாட்டுப் பொருளா என்று இரண்டு அதிகாரிகள் தர்க்கப்பட்டதில் ஒரு பகல் போனது. இருவரும் சொன்ன விதிகள் சரி. சைக்கிள்தான் விதிக்குள் அடங்கவில்லை.

கடைசியாக இதை ஒழுங்காக ஓட்டியது சோதனைச் சாவடிகளின் காலத்தில். காலி வீதியில் ஒரு மாலை, இளம் சிப்பாய் ஒருவர் என்னை நிறுத்தி ஹாண்டிலைத் தட்டிப் பார்த்தார். "மேகே மொனவத தியென்னே?" இதற்குள் என்ன இருக்கிறது என்பது கேள்வி.

"ஹுளங்," என்றேன். காற்று.

அவர் சிரிக்கவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு காற்றுக்கும் விளக்கம் கேட்டார்கள். ஹாண்டில் முனையின் மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. அடுத்த வாரமும் அதே இடம், அதே டோர்ச். வேறு கண்.

அதன் பிறகு நான் பஸ்ஸில் போனேன். சைக்கிள் பல்கனிக்குப் போனது. வடக்கே போகும் மன்னார்ப் பாதை என்ற ஒன்று அப்போது வரைபடத்தில் மட்டும் இருந்தது.

இப்போது பாதை திறந்து கிடக்கிறது. யாரும் ஹாண்டிலைத் தட்டுவதில்லை. மறித்து நிற்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களிடம் எந்த அட்டையைக் காட்டியும் பயனில்லை. என்றோ ஒருநாள் பாதியில் இறங்கிய சவாரியை முடிக்க வேண்டும் என்று எனக்கிருந்தது. இதைப் புவனாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்று சொல்லவும் மாட்டேன்.

கொட்டாஞ்சேனை சத்திரசிகிச்சை

கொட்டாஞ்சேனையில் ஹமீது நானாவின் சைக்கிள் கடைக்குக் கொண்டு போனேன். அவர் எழும்பவே இல்லை.

"எனத்த சேர் இது, குதிரையா?"

"சைக்கிள்."

"அது வெளங்குது. எந்த ராசாட குதிரைண்டு கேட்டேன்."

ஒரு சாவியால் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். மணிபோல் ஒலித்தது. "இரும்பு நல்லா ஈக்கி. கரல் மேல்தோல்லதான். மத்ததெல்லாம் மௌத்து."

கரல் துருவைத் தேய்த்துவிட்டு, உயிர்போய் மௌத்தானவற்றை ஒவ்வொன்றாக இறக்கினோம். செயின், பிறேக் வயர், அச்சுக் குண்டுகள், சீற்றின் தோல். நெடுந்தூரம் சாமானோடு போவதற்குப் பின் சில்லில் பெரிய பற்சக்கரம் வேண்டும். சாப்பாட்டுத் தட்டளவில் ஒன்று தேடிப் பிடித்தோம். சைக்கிளோ பந்தயத்துக்குப் பிறந்தது, கரியர் பூட்டத் துளையே கிடையாது. பழைய ரியூபை வெட்டி இரும்பில் சுற்றி, அதன் மேல் வளையம் போட்டு இறுக்கினோம்.

"இதெல்லாம் எதுக்கு சேர்? ஒரு மோட்டரப் பூட்டித் தாரேன். சும்மா குந்திக்கிட்டுப் போகலாம்."

"சும்மா குந்துறதுக்கு வீட்டிலை கதிரை இருக்கு, நானா."

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் மோதிக்கொண்டோம். பிறேக் கட்டையைத் தாங்கும் கூட்டில் ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கம் பின்னால் பார்க்க வேண்டும். நானா முன்னால் பார்க்கப் பூட்டியிருந்தார்.

"இது பிழை, நானா. பிடிச்சவுடனை கட்டை கழண்டு பறக்கும்."

"அது டிசைன் சேர். நான் எத்தன சைக்கிள் பூட்டியிருப்பேன்!"

இருவரும் படித்தவர்கள் மாதிரி நடந்துகொள்ளவில்லை. கடைசியில் ஒழுங்கையின் சரிவில் அவரே ஏறி ஓட்டிப் பிறேக்கைப் பிடித்தார். கட்டை பறந்து போய்ப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒருவருடைய பிளேன்ரீக்குள் விழுந்தது. நானா கால்களைத் தரையில் தேய்த்து, ஒரு வாழைக்குலைக்கு முன்னால் நின்றார்.

திரும்பி வந்து, "கட்ட சரியில்ல சேர்," என்றார். பிறகு என்னைப் பார்க்காமலேயே கூட்டைத் திருப்பிப் பூட்டினார்.

டயர்தான் இங்கே கிடைக்கவில்லை. இந்த அளவு இப்போது எவரும் செய்வதில்லை. புதிய அளவு பார்வைக்கு இதைப்போலவே இருக்கும், பூட்டினால் பொருந்தாது. எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கும் பராசக்தி அக்காவின் மகன் லண்டனிலிருந்து கலியாணம் ஒன்றுக்கு வந்தபோது, தேடி வாங்கிக்கொண்டு வந்து தந்தான். நான் நன்றி சொன்னேன். நன்றியோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பொது நிருவாகம் படித்தவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

சமநிலை பற்றிய ஒரு பாடம்

சைக்கிளில் சாமான் ஏற்றுவதற்கு முறை உண்டு. கனமானது கீழே, இலேசானது மேலே, இடப் பையும் வலப் பையும் ஒரே நிறை. வெள்ளவத்தையில் அம்மி இல்லாத வீடு உண்டு, பெட்டி நிறுக்கிற கொளுக்கித் தராசு இல்லாத வீடு கிடையாது. அதில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நிறுத்தேன். கூடாரம், சிறிய அடுப்பு, பாய், தண்ணீர், திருத்தும் சாமான். கூடாரத்தின் உறையில் இருவருக்கானது என்று எழுதியிருந்தது. அந்த இருவரும் மிகுந்த ஒற்றுமையுள்ளவர்களாக இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முதல்நாள் லிஃப்டில் பராசக்தி அக்கா ஏறினா.

"தம்பி, நீர்கொழும்புப் பக்கம் போறியளாம்?"

"ஓம் அக்கா. சைக்கிளிலை."

சைக்கிள் என்ற சொல் அவவின் காதில் ஏறவேயில்லை. "என்ரை தங்கச்சி கமலா அங்கைதானே. ஒரு சின்னப் பார்சல் தந்துவிடுறன்."

"அக்கா, பாரம் கணக்குப் பார்த்து வைச்சிருக்கிறன்..."

"என்ரை பெடியன் உங்கடை டயரைக் கழுத்திலை மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு ஹீத்ரோவாலை வந்தவன், தம்பி. அவனை நிப்பாட்டி, நாயைக் கொண்டு மணக்க வைச்சவங்கள்."

இதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளை யாரோ ஒருவருடைய பெட்டியில் வரவழைத்தவர், அதன்பின் தன் பெட்டியைப் பூட்டும் உரிமையை இழந்துவிடுகிறார். எங்கள் ஆட்களுடைய ஒரே எழுதாத சட்டம் இதுதான். எழுதிய சட்டங்களைவிட ஒழுங்காக நடைமுறையில் இருக்கிறது.

மாலையில் பார்சல் வந்தது. மோர்மிளகாய், தைத்த சட்டை ஒன்று, பழைய துணியில் சுற்றிய கனமான ஒரு சாமான். அவிழ்த்துப் பார்த்தேன். பித்தளை இடியப்ப உரல்.

"கமலாவின்ரை உடைஞ்சு போச்சாம். என்னட்டை ரெண்டு கிடக்கு."

இடப் பை தாழ்ந்தது. சமப்படுத்த அடுப்பை இறக்கினேன். ஐந்தாம் மாடியிலிருந்து குங்குமம் வைத்த கலியாண அழைப்புக் காட்டும், கீழ் வீட்டிலிருந்து மிக்சி ஜாடியும் வந்தன. எல்லாம் கமலா அக்காவிடம் கொடுத்தால் போதுமாம், உரியவர்கள் வந்து எடுப்பார்களாம். பாயையும் இறக்கினேன். தண்ணீரையும் திருத்தும் சாமானையும் விட்டால், சைக்கிளில் என்னுடையது என்று மிஞ்சியது கூடாரமும் நானும்தான்.

புவனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. அதுதான் சிரிப்பின் மிக மோசமான வகை.

கூடாரமும் மின்விசிறியும்

விடியமுன் புறப்பட்டேன். காலி முகத்திடலில் கடல் இருட்டாக இருந்தது, துறைமுகத்து லொறிகள் மட்டும் விழித்திருந்தன. களனிப் பாலம் ஏறும்போது சாப்பாட்டுத் தட்டுப் பற்சக்கரம் தன் வேலையைச் செய்தது. வத்தளை, ஜா-எல. முழங்கால் முதலில் முறைப்பாடு செய்தது, பிறகு மனுவைத் திரும்பப் பெற்றது. சங்கிலியின் மெல்லிய சிரிப்பும் புது டயரின் சீறலும் தவிர வேறெதுவும் கேட்காத சில இடங்கள் இருந்தன. அந்த இடங்களில் நான் பாடினேன். கேட்டவர்களிடம் இத்தால் மன்னிப்புக் கோருகிறேன்.

வெயில் ஏற முன் நீர்கொழும்பு. திட்டம் எளிது: பார்சலைக் கொடுப்பது, தண்ணீர் குடிப்பது, கடற்கரைப் பக்கம் நண்பர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில் கூடாரம் அடிப்பது.

கமலா அக்கா உரலைக் கையில் வாங்கிய மாத்திரமே திட்டம் முடிந்தது. கலியாண அழைப்புக் காட்டை வாசலில் நின்று கொடுக்க முடியாது, உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தேநீர். தேநீர் முடிய, புது உரலில் பிழிந்து பார்க்காவிட்டால் பராசக்தி அக்கா குறை நினைப்பாவாம். இடியப்பம் முடிய மத்தியானச் சாப்பாடு. சாப்பாடு முடியக் கண் மூடியது. எழும்பினால் மீண்டும் தேநீர்.

"இருட்டுப்படப் போகுது. அறையைக் கூட்டி வைச்சிருக்கிறன்," என்றா.

நான் நிபந்தனையைச் சொன்னேன். வீட்டுக்குள் படுத்தால் சைக்கிள் சுவருக்கு.

அக்காவின் முகம் மாறியது. "எங்கடை வீடு இருக்கேக்கை றோட்டிலை படுத்தா சனம் என்ன கதைக்கும்? மனிசியோடை சண்டை பிடிச்சுக்கொண்டு வந்திட்டார், கமலா கதவைப் பூட்டிப்போட்டாள் எண்டு கதைக்கும். நான் நாளைக்குக் கோயிலுக்குப் போறேல்லையோ?"

"படுத்தா என்ரை சைக்கிள் போயிடும், அக்கா."

"படுக்காட்டி என்ரை மானம் போயிடும்."

அவவின் கணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரே மாஸ்டர் என்று அழைப்பவர், அதுவரை பத்திரிகைக்குள் இருந்தார். இப்போது எட்டிப் பார்த்தார். "முத்தம் வீடோ, வெளியோ?"

வழக்கு இப்படித்தான் தீர்ந்தது. முற்றம் அவர்களுக்கு வீடு, எனக்கு வெளி. மாமரத்தின் கீழ் கூடாரத்தை அடித்தேன். என்னிடம் பாய் இல்லை என்று தெரிந்ததும் அக்கா மெத்தை கொண்டு வந்தா. பிறகு இரண்டு தலையணை. பிறகு நுளம்புத் திரி. பிறகு குசினி ஜன்னலால் நீண்ட வயர் ஒன்று வந்தது, அதன் முனையில் மேசை மின்விசிறி. விசிறி சுழலத் தொடங்கியதும் கூடாரம் காற்றடித்த பலூனாகி, ஆணிகளைப் பிடுங்கப் பார்த்தது.

மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒருக்காப் படுத்துப் பாக்கட்டே?"

படுத்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். அடுத்து வந்தது குறட்டை. மிஞ்சிய இடத்தில் நான் ஒடுங்கிப் படுத்தேன். அக்கா வந்து ஃபோனில் ஒரு படம் எடுத்து, நான் தடுக்க முன் புவனாவுக்கு அனுப்பிவிட்டா.

கூடாரம் இருவருக்கானது என்பதில் உற்பத்தியாளர் பொய் சொல்லவில்லை. உண்மையையும் முழுதாகச் சொல்லவில்லை.

நாய்கள் துணை

வெறும் பையோடு என்னைத் திருப்பி அனுப்புவார்களா? பராசக்தி அக்காவுக்குக் கருவாடு. ஐந்தாம் மாடிக்குக் கருவாடு. மிக்சி ஜாடிக்காரருக்கும் கருவாடு. நீர்கொழும்பின் வெயிலில் காய்ந்த, மணத்தில் எந்தக் கஞ்சத்தனமும் இல்லாத கருவாடு.

ஜா-எலயில் நாய் ஒன்று பின்தொடர்ந்தது. வத்தளையில் அது ஊர்வலமாகியது. வேகமாக மிதித்தபோது கரியரின் வளையம் வழுகி, பைகள் சில்லில் உரசின. இறங்கினேன். ஓட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"யமுத, மாத்தயா?" போவோமா என்று சாரதி கேட்டார். பின் சீற்று காலியாக, நிழலாக இருந்தது. புவனா அங்கே இல்லை. வெயில் தலையில் நின்றது. அந்தச் சீற்றைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நேரம், சொன்னால் என் மரியாதை குறையும்.

"எப்பா, மல்லி," வேண்டாம் என்றேன். சட்டைப் பைக் கைக்குட்டையை மடித்து வளையத்தின் கீழ் திணித்து இறுக்கினேன். சாரதி மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார். அவருக்கும் அது நிம்மதிதான்.

கொட்டாஞ்சேனையில் ஹமீது நானா கடை வாசலில் நின்றார். சைக்கிளைப் பார்க்கவில்லை, மோந்தார். "சேர், குதிரைய மீன் லொறியாக்கிட்டீங்களே!"

வெள்ளவத்தையில் லிஃப்ட் திறந்தபோது என்னோடு ஏறவிருந்த இருவர் படிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வீட்டில் தினேஷ் இருந்தான். சுவர் துளைக்கிற இயந்திரத்தின் பெட்டியைக் கதிரைக்குக் கீழே தள்ளி மறைத்தான், நான் பார்த்த பிறகு. புவனா ஃபோனில் அந்தப் படத்தை இரு விரலால் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

"இந்த வயர் எங்கையிருந்து வருது?"

"குசினியிலையிருந்து."

"அப்ப அரைவாசி வீடு."

"வயர்தான் வீட்டிலை. நான் கூடாரத்திலை."

"பக்கத்திலை ஆர்?"

"மாஸ்டர்."

"விடை சரி," என்றாள் கடைசியில். "கணக்குச் செய்கையைப் பாக்க ஏலாது." எழும்பி உள்ளே போனாள்.

அது எத்தனை புள்ளி என்று எனக்கு விளங்கவில்லை. தினேஷுக்கும் விளங்கவில்லை. கதிரைக்குக் கீழே இருந்த பெட்டியில் ஒரு காலை வைத்தபடி இருந்தான்.

புவனா திரும்பி வந்தபோது ஒரு கையில் பத்திரிகைத் தாளில் சுற்றி வெள்ளை நூலால் கட்டிய பொட்டலம். மறு கையில் கொளுக்கித் தராசு. பொட்டலத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"எலுமிச்சங்காய் ஊறுகாய். வசந்தி மச்சாளுக்கு. கண்ணாடிப் போத்தல், அமத்திப் போடாதேங்கோ."

வசந்தி மச்சாள் இருப்பது மன்னாரில்.

"அப்ப என்ரை சுவர், சித்தி?" என்றான் தினேஷ்.

"பழைய டயர் ரெண்டும் பல்கனியிலை கிடக்கு. அதைக் கொண்டு போய் மாட்டு."

நான் போத்தலை இடப் பையில், கீழே, துணி சுற்றி வைத்தேன். பை தாழ்ந்தது. அடுப்பை இந்த முறையும் கொண்டு போக முடியாது.